பினாங்கு வீட்டுத் தோட்டத்துக்கு எந்த லாவெண்டர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி விடுமுறைக்குக் கேமரன் மலைக்குப் போய் வருகிறவர்களில் பலர் ஒரு லாவெண்டர்ச் சட்டியோடு திரும்புகிறார்கள். சில வாரங்களில் அந்தச் செடியைப் பற்றிய சந்தேகங்கள் என்னிடம் வந்து சேர்கின்றன. தீவிலும் செபராங் பிறையிலும் உள்ள தோட்ட நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை, அவர்கள் கேட்டபடியே, பதிலோடு இங்கே தொகுத்திருக்கிறேன். கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கும் இவற்றில் பெரும்பாலானவை பொருந்தும். வேறுபடும் இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

பினாங்கு வெயிலுக்கு லாவெண்டர் வருமா, வராதா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

வரும், ஆனால் எல்லா இனமும் வராது. வரும் இனத்தைத் தேர்ந்தெடுத்து, மழைநீர் சட்டியில் தேங்காமல் பார்த்துக்கொண்டால், நல்ல மணமுள்ள இலைகளும் அவ்வப்போது பூவும் கிடைக்கும். படங்களில் காணும் ஊதா வயல் கிடைக்காது. இந்த எல்லையை ஏற்றுக்கொண்டு தொடங்குகிறவர்களே செடியை நீண்ட நாள் வைத்திருக்கிறார்கள்.

வெயில்தான் லாவெண்டரைக் கொல்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அதன் தாயகமான மத்தியதரைக்கடல் ஓரத்திலும் கோடைப் பகல் கடுமையாகவே சுடும். ஆனால் அங்கே கோடை வறண்டது. மழை பெரும்பாலும் குளிர்ந்த மாதங்களில் பெய்யும். இரவில் காற்று ஆறிவிடும். பினாங்கிலோ ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, காற்றில் ஏறத்தாழ 80 விழுக்காடு ஈரப்பதம், நள்ளிரவிலும் 24 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பம். ஈர வேரும் ஆறாத இரவும்தான் இங்கே செடியைச் சாய்க்கின்றன. எந்த வகையை வாங்குவது என்பதை இந்த இரண்டையும் எந்த அளவுக்கு அது தாங்கும் என்பதை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

லாவெண்டர் என்றால் ஒரே செடிதானே? இதில் என்ன இனம், வகை?

லாவண்டுலா என்பது ஒரு பேரினம். அதில் 40-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. துளசி, புதினா, கற்பூரவல்லி, ரோஸ்மேரி ஆகியவை சேர்ந்த குடும்பம்தான் இதற்கும் குடும்பம். இந்தியத் தீபகற்பத்திலேயே இயற்கையாக வளரும் லாவண்டுலா பைபின்னாட்டா என்ற இனமும் உண்டு. கடைகளில் கிடைக்காவிட்டாலும், லாவெண்டர் என்றாலே ஐரோப்பாவின் செடி என்று எண்ணுகிறவர்களுக்காக அதைச் சொல்கிறேன்.

வீட்டுத் தோட்டக்காரருக்கு ஐந்து பிரிவுகள் தெரிந்தால் போதும். முதலாவது அங்குஸ்டிஃபோலியா, ‘இங்கிலிஷ் லாவெண்டர்’ என்று விற்கப்படுவது, ஆனால் உண்மையில் தெற்கு ஐரோப்பிய மலைச்சரிவுகளுக்கு உரியது. இரண்டாவது இன்டர்மீடியா, அங்குஸ்டிஃபோலியாவும் லாட்டிஃபோலியாவும் கலந்து பிறந்த கலப்பினம், ‘லாவண்டின்’ என்பதும் இதுதான், ‘குரோசோ’ இதன் புகழ்பெற்ற வகை. மூன்றாவது ஸ்டோக்கஸ், பூக்கதிரின் உச்சியில் முயல் காதுபோல மடல்கள் நிற்கும். நான்காவது டென்டாட்டா, இலையோரம் பல்பல்லாக இருக்கும். ஐந்தாவதாகப் பின்னாட்டா, மல்டிஃபிடா என்னும் கீறிய இலை இனங்கள். டென்டாட்டாவை ஒரு பெற்றோராகக் கொண்ட ஹெட்டெரோஃபில்லா, அல்லார்டி, ‘குட்வின் கிரீக் கிரே’ போன்ற கலப்பினங்களையும் நான் டென்டாட்டாவுக்குப் பக்கத்திலேயே வைத்துப் பார்க்கிறேன்.

சட்டியில் ‘பிரெஞ்சு லாவெண்டர்’ என்று எழுதியிருக்கிறது. அது எது?

அந்தப் பெயரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பிரிட்டனில் ஸ்டோக்கஸைப் பிரெஞ்சு லாவெண்டர் என்பார்கள். அமெரிக்காவில் டென்டாட்டாவைப் பிரெஞ்சு என்றும் ஸ்டோக்கஸை ஸ்பானிஷ் என்றும் சொல்வார்கள். நம் ஊர் நர்சரிகளுக்கு விதையும் நாற்றும் பல நாடுகளிலிருந்து வருவதால், பெயரும் அந்தந்த நாட்டு வழக்கப்படியே ஒட்டிக்கொண்டு வருகிறது. தாவரவியல் பெயர் இருந்தால் அதை நம்புங்கள். இல்லாவிட்டால் இலையைப் பாருங்கள்.

பெயர்ச் சீட்டே இல்லை என்றால் இலையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், பூ இல்லாத நேரத்திலும் முடியும். இலை குறுகி, ஓரம் மழமழவென்று, சாம்பல் பூசிய பச்சையாக இருந்தால் அது அங்குஸ்டிஃபோலியா அல்லது லாவண்டின். இலையைக் கசக்கினால் கற்பூர வாடை தூக்கலாக வருவது பெரும்பாலும் லாவண்டின். ஓரம் முழுவதும் சீரான பற்களோடு இருந்தால் டென்டாட்டா. ஒரே செடியில் பல்லுள்ள இலையும் பல்லில்லாத இலையும் கலந்து, செடியும் பெரிதாக இருந்தால் ஹெட்டெரோஃபில்லா அல்லது அல்லார்டி. இலை பெரணி போலக் கீறிப் பிரிந்திருந்தால் பின்னாட்டாவோ மல்டிஃபிடாவோதான்.

ஸ்டோக்கஸின் இலையும் குறுகலாகவே இருப்பதால் முதல் பிரிவோடு குழப்பம் வரும். அதைப் பூவை வைத்தே உறுதி செய்துகொள்ளலாம்: தடித்துக் குறுகிய கதிர், அதன் உச்சியில் நிமிர்ந்த வண்ண மடல்கள். டென்டாட்டாவின் கதிர் உச்சியிலும் சிறு மடல்கள் உண்டு; ஆனால் அவை சிறியவை, வெளிறியவை.

அப்படியென்றால் எங்கள் வீட்டுக்கு எதை வாங்குவது? நேராகப் பெயரைச் சொல்லுங்கள், அக்கா.

சமவெளியில் இருக்கும் வீட்டுக்கு என் முதல் பரிந்துரை டென்டாட்டா. பூப்பதற்குக் குளிர்காலம் தேவைப்படாத இனம் அது. ஈரக் காற்றையும் மற்றவற்றைவிடப் பொறுத்துக்கொள்கிறது. பூ இல்லாத மாதங்களிலும் அதன் பல்லிலை பார்க்க அழகாக இருக்கும். மணம் அங்குஸ்டிஃபோலியாவின் இனிப்பு மணம் அல்ல. ரோஸ்மேரியும் கற்பூரமும் கலந்ததுபோல் இருக்கும். நுகர்ந்து பார்த்துப் பிடித்திருந்தால் மட்டும் வாங்குங்கள், ஏனென்றால் இங்கே நீங்கள் அன்றாடம் அனுபவிக்கப்போவது இலையின் மணத்தைத்தான்.

டென்டாட்டா வழிவந்த ஹெட்டெரோஃபில்லாவோ அல்லார்டியோ கண்ணில் பட்டால் தயங்காமல் வாங்கலாம். வெப்பமும் ஈரமும் கலந்த ஊர்களில் லாவெண்டர் வளர்ப்போர் நம்பும் கலப்பினங்கள் இவை. பூ குறைவு, ஆனால் செடி திடமாக நிற்கும். ‘குட்வின் கிரீக் கிரே’ வெள்ளி பூசியதுபோன்ற இலைக்காகவே வளர்க்கத் தக்கது. ஆயினும் அந்த மென்மயிர் இலை ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்பதால், கூரையின்கீழ் மட்டுமே அதற்கு இடம் கொடுங்கள்.

பூதான் வேண்டும், மணம் எப்படியிருந்தாலும் பரவாயில்லை என்பவர்களுக்குப் பின்னாட்டா. கானரித் தீவுகளும் மதேராவும் அதன் தாயகம். கடுங்குளிர் அறியாத செடி. கிளைத்த கதிரில் நீலஊதாப் பூக்கள் குளிரில்லாமலே வரும். ஆனால் நாம் ‘லாவெண்டர்’ என்று அறிந்த மணம் அதில் அநேகமாக இல்லை. ஸ்டோக்கஸை இரண்டாம் வரிசையில் வைக்கிறேன்: நம் புளிப்பு மண்ணை மற்ற இனங்களைவிடத் தாங்கும், வாங்கும்போது இருக்கும் பூ மிக அழகு, ஆனால் புதிய மொட்டுக்கு இதமான குளிரை எதிர்பார்ப்பதால் அடுத்த சுற்றுப் பூ இங்கே நிச்சயமில்லை. அங்குஸ்டிஃபோலியாவை, ‘ஹிட்கோட்’டானாலும் ‘மன்ஸ்டெட்’டானாலும், தீவின் சமவெளியில் இருப்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. லாவண்டினும் அதே கணக்குதான்.

கேமரன் மலையில் அவ்வளவு நன்றாகப் பூக்கிறதே, இங்கே ஏன் அடம் பிடிக்கிறது?

உயரம்தான் காரணம். தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; லாவெண்டர்த் தோட்டம் உள்ள திரிங்காப்பும் மலைமேல்தான். ஒவ்வொரு 100 மீட்டருக்கும் வெப்பம் சுமார் 0.6 பாகை குறையும் என்று கொண்டால், அங்கே இரவில் போர்வை தேவைப்படுவது ஏன் என்று புரியும். பகலில் சேர்த்த சர்க்கரையைச் செடி இரவில் மூச்சுவிட்டே செலவழிக்கிறது. இரவு எவ்வளவு சூடோ அவ்வளவு செலவு. நம் ஊர் இரவில் மலைச்செடியின் சேமிப்பு கரைந்துபோகிறது. தண்டு நீள்கிறது, இலை வெளிறுகிறது, மொட்டு வருவதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அங்குஸ்டிஃபோலியா குளிர்காலம் கடந்து, பகல் நீளும் பருவத்தில் பூப்பதற்குப் பழகியது. பினாங்கு நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்தரை பாகைக்கும் குறைவான தூரத்தில் இருப்பதால் இங்கே ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம்தான். கேமரனிலும் பகல் அதே நீளம் என்பதால், அங்கேயும் எல்லா வகையும் சமமாகப் பூப்பதில்லை. மலைத் தோட்டங்களில் ஊதாவாகத் தெரியும் பாத்திகள் எல்லாமே லாவெண்டர் என்றும் கொள்ள வேண்டாம். நீலப் பூ சால்வியாவையும் தொலைவிலிருந்து பார்த்தால் பிரித்தறிவது கடினம்.

இந்தியாவில் வளர்க்கிறார்களே, அங்கேயும் வெயில்தானே?

நீங்கள் செய்தியில் பார்த்தது ஜம்முவின் தோடா மாவட்டத்துப் பதர்வா பள்ளத்தாக்காக இருக்கலாம். அது 1,600 மீட்டரை ஒட்டிய உயரத்தில், குளிர்காலத்தில் பனி விழும் இடம். தமிழ்நாட்டுச் சமவெளியோடோ நம் ஊரோடோ அதை ஒப்பிட முடியாது.

குளிர்தான் வேண்டும் என்றால், சட்டியைக் கொஞ்ச நாள் ஃபிரிட்ஜில் வைத்து எடுக்கலாமா?

வேண்டாம். பூப்பதற்குத் தேவையான குளிர் ஓரிரு நாள் குளிர் அல்ல. பல வாரங்கள் தொடர வேண்டியது, அதுவும் வெளிச்சத்தோடு. வீட்டு ஃபிரிட்ஜ் இருட்டு. அத்தனை வாரம் அதில் இருந்தால் இலை உதிர்ந்து பூஞ்சை பிடிக்கும். அப்படியே தப்பித்தாலும், வெளியே எடுத்ததும் 25 பாகை இரவுக்குத்தான் அது திரும்ப வேண்டும். விதையை ஃபிரிட்ஜில் வைப்பது வேறு விஷயம். அதைப் பின்னால் விதை பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

வாங்கும்போது பூத்துக் குலுங்கியது. வீட்டுக்கு வந்து ரெண்டு வாரத்தில் கருகிவிட்டது. நர்சரிக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

பெரும்பாலும் ஏமாற்று இல்லை. குளிர்ந்த இடத்தில், கூரைக்கடியில், அளவாக நீர் பெற்று வளர்ந்த செடி அது. லாரியில் இறங்கி, ஒரே நாளில் சுட்ட சிமெண்டுத் தரைக்கும் மாலை மழைக்கும் வந்து சேர்கிறது. போதாக்குறைக்குப் பல செடிகள் தேங்காய்நார்த்தூளில் வளர்க்கப்பட்டவை. சுமந்து செல்ல இலேசு, காய்ந்த காற்றுக்கும் ஏற்றது, ஆனால் நம் ஈரத்தில் அது நாள் கணக்கில் நனைந்தே கிடக்கும்.

வாங்கியதும் முதல் ஒரு வாரம் காலை வெயில் மட்டும் படும் கூரையோரத்தில் வையுங்கள். பூக்கதிர்களை மனத்தைத் தேற்றிக்கொண்டு வெட்டிவிடுங்கள். பூவுக்குப் போகும் சத்து வேருக்குப் போகட்டும். அடுத்த வாரம் சட்டி மாற்றி, பிறகு சிறிது சிறிதாக வெயிலைக் கூட்டுங்கள். இத்தனையும் செய்து அங்குஸ்டிஃபோலியா போய்விட்டால், அது செடியின் இயல்பு.

என் வீட்டு ‘மோனா லாவெண்டர்’ நிழலிலேயே நன்றாக வளர்கிறதே! நீங்கள் ஏன் வெயில் வேண்டும் என்கிறீர்கள்?

மோனா லாவெண்டர் லாவெண்டர் இல்லை. அது தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன்போஷ் தாவரத் தோட்டத்தில் உருவாக்கப்பட்ட பிளெக்ட்ராந்தஸ் கலப்பினம்; நம் கற்பூரவல்லிக்கு நெருங்கிய சொந்தம். இலையின் மேல்புறம் கரும்பச்சை, அடிப்புறம் ஊதா. அதைத் திருப்பிப் பார்த்தாலே தெரிந்துவிடும். அதற்குப் பிடித்தது அரைநிழலும் ஈர மண்ணும், அதாவது லாவெண்டருக்கு ஆகாத இரண்டும். இரண்டையும் ஒரே வரிசையில் வைத்து ஒரே அளவு நீர் ஊற்றினால் ஒன்று போய்விடும். உங்களுக்கு வேண்டியது நிழல் முற்றத்தில் ஊதாப் பூ என்றால், மோனாவே மிகப் பொருத்தமான செடி.

மண் எப்படிக் கலப்பது? தோட்ட மண்ணில் நேரடியாக நடலாமா?

தரையில் நட வேண்டாம். நம் செம்மண் களிமண் நீரைப் பிடித்துக்கொள்ளும். கூடவே புளிப்புத் தன்மையும் அதிகம். லாவெண்டர் கேட்பது கார அமில அளவு 6.5 முதல் 7.5 வரை உள்ள, நீர் நிற்காத மண். ஆகவே சுடுமண் சட்டிதான் நல்லது: ஓட்டை பெரிதாக இருக்க வேண்டும், வேர்ப்பந்தைவிட இரண்டு விரல் அகலம் கூடுதலாக இருந்தால் போதும். அளவுக்கு மீறிய பெரிய சட்டியில் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து அழுகலைக் கொண்டுவரும்.

கலவையில் பாதி கரடுமுரடாக இருக்கட்டும்: பெர்லைட், பியூமிஸ், ஆற்றுப் பெருமணல், உடைத்த செங்கல் ஆகியவற்றில் கிடைப்பது எதுவானாலும் சரி. மீதிப் பாதியில் சாதாரண மண்ணும், கருக்கிய நெல் உமியும், கொஞ்சம் மக்கிய உரமும். கருக்கிய உமி இலேசு. புளிப்பையும் சற்றுத் தணிக்கும். ஒரு தேக்கரண்டி டோலமைட் சுண்ணாம்பைக் கலந்துவிட்டு, மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மேலே சிறிது தூவுங்கள். ஸ்டோக்கஸுக்கு மட்டும் சுண்ணாம்பு வேண்டாம். பத்து பெரிங்கிக் கடற்கரை மணலை யாரும் அள்ளி வர வேண்டாம். அதிலுள்ள உப்பு வேரைக் கெடுக்கும். உரம் அதிகம் போடாதீர்கள். கொழுத்த தளிர் முதலில் அழுகும், மணமும் குறையும்.

எந்த மாதத்தில் வாங்கித் தொடங்கினால் நல்லது?

பினாங்கில் டிசம்பர் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி வரை மழை குறைவு. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு நடந்தவர்களுக்கு அந்தக் காலத்து வறண்ட வெயில் நன்றாகத் தெரியும். அந்தப் பருவத்தின் தொடக்கத்தில் நட்டால், ஏப்ரல் மழைக்கு முன் வேர் பிடித்துவிடும். செப்டம்பர், அக்டோபர் இங்கே கனமழை மாதங்கள். அப்போது புதிய செடி வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். கோலாலம்பூரில் ஏப்ரலை ஒட்டியும் அக்டோபர், நவம்பரிலும் மழை உச்சம். ஜூன், ஜூலை சற்று வறண்டவை என்பதால் அங்கே மே மாத இறுதியில் தொடங்கலாம்.

எந்த மாதமானாலும் மேலே ஒளி ஊடுருவும் கூரை இருப்பது நல்லது. கார் நிறுத்தும் இடத்தில் தெளிந்த பாலிகார்பனேட் கூரை போட்டிருந்தால், அதன் கிழக்கு ஓரம் லாவெண்டருக்கு உரிய இடம். புகைமூட்டம் சூழும் நாள்களில் வெளிச்சம் குறையும். அப்போது நீரையும் குறைத்துவிடுங்கள்.

நாங்கள் அடுக்குமாடியில் இருக்கிறோம். பால்கனியில் வளருமா?

தரை வீட்டைவிடச் சில சமயம் நன்றாகவே வளரும்: மேலே கூரை, பக்கத்தில் காற்று. ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் நேர்வெயில் விழுகிறதா என்பதே கேள்வி. கிழக்கு பால்கனிக்கு அவ்வளவு கிடைக்காவிட்டாலும், நான்கு மணி நேரத்துக்குமேல் காலை வெயில் விழுந்தால் டென்டாட்டா சமாளிக்கும். வடக்கு, தெற்கு பால்கனிகளில் சூரியன் சாயும் பக்கத்தைப் பொறுத்துச் சில மாதங்கள் வெயிலே வராது. அங்கே மோனாவை வையுங்கள். குளிர்சாதன அறைக்குள் வைப்பது பற்றியும் கேட்கிறார்கள். குளிர் கிடைக்கும், ஆனால் வெளிச்சம் கிடைக்காது. செடி மெலிந்து சாயும். குளிர்சாதனக் கருவியின் வெளிப்பகுதி சூட்டுக்காற்றை ஊதும் திசையிலும் வைக்க வேண்டாம்.

செடி வாடியிருந்தது, தண்ணீர் ஊற்றினேன். இன்னும் வாடுகிறது. மேலும் ஊற்றவா?

ஊற்ற வேண்டாம். முதலில் விரலை ஒரு கணு ஆழம் மண்ணுக்குள் விடுங்கள், சட்டியைத் தூக்கிப் பாருங்கள். மண் காய்ந்து, சட்டி இலேசாக இருந்தால் அது தாகம். ஓட்டை வழியே வடியும்வரை ஒருமுறை ஊற்றினால் அன்றைக்கே நிமிரும். மண் ஈரமாக, சட்டி கனமாக இருந்தும் செடி வாடுகிறதென்றால் வேர் அழுகுகிறது. நீரை எடுத்துச்செல்ல வேர் இல்லாததால் வாடுகிறது. இந்த இரண்டாவது வாட்டத்துக்குத் தாகம் என்று நினைத்து ஊற்றும் நீர்தான் நம் ஊரில் அதிக லாவெண்டர்களைக் கொன்றிருக்கிறது.

ஈர வாட்டம் தெரிந்ததும் செடியைச் சட்டியிலிருந்து எடுங்கள். பழுப்பாகக் குழைந்த வேர்களை வெட்டிவிட்டு, மேலே சொன்ன கலவையில் உலர்ந்த மண்ணாகப் பார்த்து நட்டு, கிளைகளில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, நிழலில் சில நாள் வையுங்கள். அடித்தண்டே கருத்திருந்தால் செடி பிழைக்காது. நுனியில் பச்சையாக இருக்கும் கிளைகளைப் பதியனுக்கு எடுத்துக்கொள்வதுதான் வழி.

எப்போது வெட்டுவது, எவ்வளவு வெட்டுவது?

குளிர்நாட்டுக் குறிப்புகளில் ஆண்டுக்கு ஒருமுறை என்று இருக்கும். இங்கே செடிக்கு ஓய்வுக்காலம் இல்லாததால், சிறிது சிறிதாக அடிக்கடி நுனி கிள்ளுவதே சரி. பூக்கதிர் வாடியதும் இரண்டு இணை இலைகளோடு சேர்த்து வெட்டுங்கள். நடுவில் காற்று புகும்படி உட்புறக் கிளைகளையும் தரையைத் தொடும் இலைகளையும் நீக்குங்கள். இலையில்லாத பழைய மரத்தண்டு வரை வெட்டினால் அங்கிருந்து பெரும்பாலும் தளிர்க்காது. மழைநாளில் வெட்ட வேண்டாம்.

இணையத்தில் ஐந்து நிற லாவெண்டர் விதை மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

சிவப்பு, மஞ்சள், வானவில் என்று படம் போட்டிருந்தால் வாங்க வேண்டாம். லாவெண்டரில் ஊதா, நீலம், இளஞ்சிவப்பு, வெள்ளை ஆகியவற்றின் சாயல்களும், விரிடிஸ் என்ற இனத்தில் பச்சை கலந்த வெளிர்மஞ்சளும் உண்டு. பளிச்சென்ற சிவப்பு இல்லை. நல்ல விதையும் பெரும்பாலும் அங்குஸ்டிஃபோலியாவாகவே இருக்கும், அதாவது நம் சமவெளிக்கு ஆகாதது. அப்படியும் முயல விரும்பினால், 1994-இல் அனைத்து அமெரிக்கத் தேர்வு விருது பெற்ற ‘லேடி’ என்ற வகை விதைத்த முதல் ஆண்டே பூக்கும் தன்மை கொண்டது. ஈரத்தாளில் சுற்றி மூன்று நான்கு வாரம் ஃபிரிட்ஜில் வைத்தால் முளைப்பு சீராகும். ‘ஹிட்கோட்’ விதை என்று வாங்குவது தாயைப் போலவே வரும் என்று உறுதியில்லை. லாவண்டினோ விதையே தராத மலடு.

ஆகவே பதியன்தான் சிறந்தது. பூவில்லாத இளங்கிளையை எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் நீளத்தில் வெட்டி, கீழ்ப்பாதி இலைகளை உருவிவிட்டு, பெர்லைட்டும் மணலும் கலந்த சிறு சட்டியில் நிழலில் ஊன்றுங்கள். நம் சமவெளியில் ஒரு செடி பல்லாண்டு நிற்கும் என்று எண்ணாமல், நன்றாக இருக்கும்போதே அதிலிருந்து பதியன் எடுத்து வைத்துக்கொள்வது எல்லா இனத்துக்கும் பொருந்தும்.

லாவெண்டர் வைத்தால் ஏடிஸ் கொசு வராதாமே?

சட்டியில் நிற்கும் செடி கொசுவை விரட்டாது. இலைக்குள் அடங்கிய எண்ணெய் கசக்கினால்தான் வெளிவரும். அப்போதும் சிறிது நேரமே நிற்கும். டிங்கிக்கு எதிரான பாதுகாப்பாக எந்தச் செடியையும் நம்ப வேண்டாம்.

மாறாக, சட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீரில் ஏடிஸ் முட்டையிடும். வீட்டு வளாகத்தில் கொசு பெருக இடம் கொடுப்பது 1975-ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் குற்றம். லாவெண்டருக்கு அடித்தட்டு தேவையே இல்லை. அதை எடுத்துவிட்டுச் சட்டியை இரண்டு செங்கல்மேல் தூக்கி வையுங்கள். வேருக்கும் நல்லது, வீட்டாருக்கும் நல்லது.

இலையையும் பூவையும் தேநீரில் போடலாமா? பூனை இருக்கும் வீட்டில் வைக்கலாமா?

சமையலுக்கும் தேநீருக்கும் உகந்தது அங்குஸ்டிஃபோலியாவின் பூ மட்டுமே. லாவண்டின், டென்டாட்டா, ஸ்டோக்கஸ் ஆகியவற்றில் கற்பூரச் சத்து கூடுதல். அவற்றைத் தலையணைப் பைக்கும் அலமாரிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஆக, இங்கே நன்றாக வளர்வது குடிப்பதற்கு ஆகாது, குடிப்பதற்கு உகந்தது இங்கே நன்றாக வளராது. நர்சரிச் செடியில் மருந்து தெளித்திருக்கலாம் என்பதால், அங்குஸ்டிஃபோலியாவானாலும் வாங்கியவுடன் இருக்கும் பூவை உண்ண வேண்டாம். கர்ப்பிணிகளும் தொடர்ந்து மருந்து உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

லாவெண்டரிலுள்ள லினலூல் போன்ற பொருள்கள் பூனைக்கும் நாய்க்கும் கேடு; தின்றால் வாந்தி, பசியின்மை வரலாம். மணம் பிடிக்காமல் பெரும்பாலான பூனைகள் விலகியே போகும். ஆனாலும் இலையைக் கடிக்கும் பழக்கமுள்ள பூனை என்றால் எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள். செறிந்த எண்ணெய்ப் புட்டியை இன்னும் கவனமாக வையுங்கள்.

இவ்வளவு பாடுபட முடியாது. அதே நிறமோ மணமோ தரும் வேறு செடி சொல்லுங்கள்.

நிறத்துக்கு ஏஞ்சலோனியா. முழு வெயிலில், சமவெளிச் சூட்டில், ஊதாக் கதிர்களாகப் பூத்துக்கொண்டே இருக்கும். சாலை நடுப் பாத்திகளில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். நீல சால்வியாவும் முயலத் தக்கது. மணத்துக்கு ரோஸ்மேரி, லாவெண்டரைவிட இங்கே எளிது. மண்ணும் நீரும் அதே முறைதான். திருநீற்றுப்பச்சிலையும் துளசியும் கேட்டுக்கொள்ளாமலே வளரும்.

ஊட்டியிலிருந்து சித்தப்பா வருகிறார். பையில் ரெண்டு லாவெண்டர்க் கிளை கொண்டுவரச் சொல்லலாமா?

சொல்ல வேண்டாம். செடி, கிளை, விதை எதுவானாலும் மலேசியாவுக்குள் கொண்டுவர 1976-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுக்காப்புச் சட்டப்படி இறக்குமதி அனுமதி வேண்டும். அனுப்பும் நாட்டின் தாவரநலச் சான்றிதழும் கேட்பார்கள். விமான நிலையத்தில் சோதனை அதிகாரிகள் பறிமுதல் செய்வது ஒருபுறமிருக்க, மண்ணோடும் வேரோடும் வரும் பூச்சியும் பூஞ்சையும் கேமரன் மலை விவசாயிகளின் தோட்டங்கள்வரை போகக்கூடியவை. இணையத்தில் வெளிநாட்டிலிருந்து நேராக அனுப்பப்படும் விதைப் பொட்டலத்துக்கும் இதே விதிதான். உண்மையிலேயே ஒரு குறிப்பிட்ட வகை வேண்டுமென்றால், இறக்குமதி உரிமம் உள்ள நர்சரியிடம் அதன் தாவரவியல் பெயரை எழுதிக் கொடுத்துத் தருவிக்கச் சொல்லலாம்; அல்லது சித்தப்பாவோடு ஒருநாள் கேமரனுக்குப் போய் டென்டாட்டாச் செடி ஒன்றைத் தேடி வாங்கி வரலாம்.